ஒரு நாள் காப்பு

ஆக்னஸ் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் சப்பைக்கட்டு கட்டுவதுபோல் ஆகிவிடும். அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கும் 'அண்டை' என்ற தொண்டு நிறுவனத்தில் அவள் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறாள். அடித்துக்கொண்டவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அவளுடைய வேலை. போலீஸ் வந்து போய்விட்ட பிறகு, கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்பு, அவளுடைய பழைய ஸ்கூட்டி அந்தத் தெருமுனையில் வந்து நிற்கும். குரலை உயர்த்தமாட்டாள். யார் திட்டினாலும் முழுக்கத் திட்டி முடிக்கும்வரை காத்திருப்பாள். இப்பேர்ப்பட்டவள் முன்னிலையில்தான் வெள்ளானூரில் அந்தக் காரியம் முடிவானது என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

வெள்ளானூரில் எல்லையம்மன் கோயிலுக்கு எதிரே பிருந்தா என்க்ளேவ் வந்தபோதே சச்சரவும் கூடவே வந்துவிட்டது. கோயில்தான் முந்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஃபிளாட் வாங்கியவனுக்கு அவன் பால் காய்ச்சிய நாளிலிருந்துதான் ஊரே ஆரம்பம். ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நிலத்தை விற்று, மாடி வீடு கட்டி, மகளுக்குக் கல்யாணமும் முடித்த பிறகும், அந்த நிலம் இன்னும் தங்கள் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு இருபதடி ரோடு. அதில் கார் போக வேண்டும், கரகமும் போக வேண்டும்.

போன வருஷம் ஆடியில் அது வெடித்தது. பத்து நாள் திருவிழாவில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் அம்மன் தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் விக்ரம் என்கிற ஐ.டி.க்காரன் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தான். யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. அவன் நூறுக்குப் போன் போட்டான். போலீஸ் வந்தது, பாட்டின் நடுவிலேயே வயரைப் பிடுங்கியது, போய்விட்டது. தாலாட்டைப் பாதியில் நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது. ஊர்ப் பையன்கள் கேட்டில் வந்து மோதினார்கள், செக்யூரிட்டி அறையின் கண்ணாடி நொறுங்கியது. முன்னால் நின்ற வினோத் கையில் முழுச் செங்கல் ஒன்று இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று செல்லில் படம் எடுத்துக்கொண்டிருந்த விக்ரமைப் பார்த்து அவன் கையை ஓங்கிவிட்டான்.

ஆனால் எறியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கல்லைக் கீழே போட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கூட்டம் கலைந்தது.

இரண்டு நாள் கழித்து ஆக்னஸ் வந்தாள். எல்லோரும் யார் முதலில் அடித்தது என்று விசாரிப்பார்கள். அவள் யார் அடிக்காமல் விட்டது என்று விசாரிப்பாள். அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். வினோத்தைத் தேடிப்பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். இருபத்துநாலு வயசு, ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். வாய் நிறையச் சிரிப்பான்.

"கல்லத் தூக்கிட்டியாமே?"

"தூக்கினேன்க்கா. எதிர்ல நின்னுகினு வீடியோ எடுத்துகினு கீறான், கடுப்பாவாதா? அப்பால போட்டுட்டேன்."

"ஏன் போட்ட?"

"அடிக்கக்கூடாதில்லக்கா" என்றான் வினோத். இதென்ன கேள்வி என்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே இன்னொரு வடை கேட்டான்.

ஆக்னஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ தெருக்களில் அவள் தேடி அலைந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். கை ஓங்கியவன் தானாகவே 'அடிக்கக்கூடாது' என்று நினைத்தான் என்றால், அவனை வைத்து ஊரையே திருப்பிவிடலாம். அன்றைக்கே வினோத்தைத் தன் ஆளாக நினைத்துக்கொண்டாள். அவனும் சும்மா சொல்லக்கூடாது, அக்கா அக்கா என்று அவள் பின்னால் சுற்றினான்.

பிறகு கமிட்டி அமைந்தது. ஃபிளாட் சங்கத்தின் தலைவர் மனோகரன், கரூர்க்காரர், எதற்கும் 'பிராக்டிகலா யோசிப்போம்' என்பவர். கோயில் தர்மகர்த்தா சம்பத், ஜல்லி, எம்-சாண்ட் வியாபாரம் செய்பவர், எதற்கும் 'ஊர்ல கேட்டுச் சொல்றேன்' என்பவர். வினோத்தும் விக்ரமும் அதில் உறுப்பினர்கள். அது ஆக்னஸின் பிடிவாதம். முட்டிக்கொண்ட இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தால்தான் நிற்கும் என்றாள். முதல் கூட்டத்திலேயே ஒரு விதியும் போட்டாள். இனி யாருக்கு என்ன கோபம் வந்தாலும் போலீசுக்குப் போன் போடக்கூடாது. இறங்கி வந்து முகத்துக்கு நேரே பேச வேண்டும். "முகம் தெரிஞ்சவனை அடிக்கக் கை வராது" என்று அவள் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல விதிதான், கேட்பதற்கும் நன்றாகத்தான் இருந்தது.

கமிட்டி நடக்கவும் நடந்தது. மழைக்காலத்தில் விக்ரமின் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது வினோத் தன் வேன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பிவிட்டான். பொங்கலுக்கு விக்ரமின் மனைவி நிஷா, வினோத்தின் அம்மா வடிவுக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். 'ப்ரோ', 'ப்ரோ' என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்து அண்டை நிறுவனத்து இயக்குநர் எல்லா ஊருக்கும் வெள்ளானூரையே உதாரணம் காட்டினார். ஆக்னஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வருஷத்துத் திருவிழாவுக்கு முன்னால் ஃபிளாட்டின் ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஊரிலிருந்து பெண்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன் வெகு பதவிசாக ஆரம்பித்தார்.

"பத்து நாளும் பண்ணணும்ங்களா? பிராக்டிகலா யோசிங்க. பிள்ளைகளுக்குப் பரீட்சை, எங்களுக்கு ஆபீஸ். ஒரு ஞாயித்துக்கிழமை ஜாம்ஜாம்னு பண்ணிருங்க. கேட்டைத் திறந்துவிடறோம், எங்க செலவுல மோர்ப்பந்தல் போடறோம்."

சம்பத் சண்டைக்கு வருவார் என்று ஆக்னஸ் பயந்தாள். அவரோ உள்ளுக்குள் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்யா சொல்லணும்னா எங்களுக்கும் முடியல சார். காப்பு கட்டினா பத்து நாளும் கவுச்சி கெடயாது, சரக்கு கெடயாது, எல்லயத் தாண்டி வெளியூரு போவக்கூடாது. எல்லாம் வேலைக்குப் போற பசங்க. காப்பு கட்டறதுக்கே ஆளு கெடைக்கல. ஞாயித்துக்கெழம காலீல காப்பக் கட்டி, சாயங்காலம் கூழு ஊத்தி, ராவுக்குள்ள அவுத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசியது அந்தக் கமிட்டியில் அதுதான் முதல் தடவை. விக்ரம் கை தட்டினான்.

பின்வரிசையிலிருந்து வடிவு எழுந்தாள். "ஒரே நாள்ல கட்டி ஒரே நாள்ல அவுக்கறதுன்னா, அத்த இன்னாத்துக்குக் கட்டறது?"

யாரோ சிரித்தார்கள். "நம்பிக்கைதானேம்மா முக்கியம், நாளா முக்கியம்?" என்றார் மனோகரன். வடிவு அவரைப் பார்க்கவில்லை, ஆக்னஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆக்னஸ் அந்த இடத்தில் கூட்டத்தை நிறுத்தி, "நீங்க சொல்றது புரியலம்மா, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பே. ஆனால் வாராமல் வந்த ஒற்றுமை இருக்கிறதே, அதை ஒரு கேள்வி கேட்டுக் கலைத்துவிடப் பயமாக இருக்கும். "உங்க கருத்தையும் எடுத்துக்கறோம்மா" என்றாள். கூட்டம் நடத்துகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாசகம் அது. அப்படிச் சொன்னால் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்றுதான் அர்த்தம்.

"ஒரு நாள்னு ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்த கை வினோத்துடையது. அம்மா முறைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூக்கினான். பிறகு விக்ரம், சம்பத், மனோகரன், அப்புறம் எல்லோரும். வடிவு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூட்டம் முடிந்ததும் வினோத்தும் விக்ரமும் சேர்ந்து நாற்காலிகளை மடக்கி வைத்தார்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஆக்னஸ் தனக்குத்தானே ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்கள் தெருவில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கணக்குப்படி என்றால் அவர்கள் எல்லோர் கையிலும் காப்பு ஏறி ஒரு வாரம் ஆகியிருக்கும். இந்த வருஷம் யார் கையிலும் எதுவும் இல்லை. வினோத் ஏலகிரி டிரிப் ஓட்டிவிட்டு மதியம்தான் திரும்பியிருந்தான். திரும்பியதும் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பீர் குடித்திருந்தான். தப்பென்று சொல்ல முடியாது, அவனுக்குத்தான் அன்று காப்பு இல்லையே.

சவுக்குக் கட்டை ஒன்றை என்க்ளேவ் கேட்டுக்கு நேர் எதிரே நட்டிருந்தார்கள். விக்ரமின் கார் வந்து நின்றது. உள்ளே போக வழியில்லை. போன வருஷமாக இருந்தால் காரிலிருந்தபடியே நூறுக்குப் போன் போட்டிருப்பான். இப்போது அவன் கமிட்டிக்காரன், விதி தெரிந்தவன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக இறங்கி வந்தான்.

"வினோத், கமிட்டில என்ன பேசினோம்? கேட்டை மறைக்கமாட்டோம்னுதானே பேசினோம்?"

"அஞ்சு நிமிசம் ப்ரோ. லைட்ட மாட்டிட்டு நவுத்திடறோம்."

"போன தடவையும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னீங்க."

கூட்டாளிகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் வினோத் கட்டையை நகர்த்தியிருப்பான். நாள் முழுக்க ஆபீஸில் திட்டு வாங்கிக் களைத்து வராவிட்டால் விக்ரமும் ஐந்து நிமிஷம் பொறுத்திருப்பான். பொறுக்காமல் தானே போய்க் கட்டையைப் பிடுங்கினான். மேலே கட்டியிருந்த அம்மன் உருவ லைட் போர்டு சரிந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. யாரோ "மாமே, ஆத்தாவையே கீழ தள்ளிட்டான்டா" என்று கத்தினார்கள். விக்ரம் பயந்துதான் போனான். பயந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "வாயெல்லாம் பீர் நாத்தம். இதுல சாமி வேற உங்களுக்கு" என்றான்.

வினோத் கீழே கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்தான், ஓங்கினான். இந்தத் தடவை கீழே போடவில்லை. அடி ஒன்றுதான். ஆனால் விழுந்த வேகத்தில் விக்ரமின் தலை கால்வாய்ச் சுவரின் விளிம்பில் போய் மோதியது. அவனைத் தூக்கித் தன் வேனிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனதும் வினோத்தான். 'ப்ரோ, ப்ரோ' என்று வழியெல்லாம் அழுதானாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விக்ரம் பிழைத்தான். ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது வலது கையும் வலது காலும் அவன் சொல்வதைக் கேட்கவில்லை. பேச்சும் குழறியது. நாளாகும் என்றார்கள் டாக்டர்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா நடக்கவில்லை, மோர்ப்பந்தலுக்கு வாங்கிய தயிரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆக்னஸ் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். வராந்தாவில் நிஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். நிஷா கையை உருவிக்கொள்ளவில்லை, அதுதான் ஆக்னஸுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவரு ரொம்ப பயந்தாங்கொள்ளி மேடம்" என்றாள் நிஷா. "கரப்பான்பூச்சி வந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். எதுன்னாலும் கதவைச் சாத்திக்கிட்டு போன்தான் போடுவார். அன்னைக்குக் கார்ல இருந்து எனக்குப் பேசினார். போலீசுக்குச் சொல்லிட்டு உள்ளயே இருங்கன்னேன். இல்ல நிஷா, ஆக்னஸ் மேடம் இறங்கிப் பேசச் சொல்லிருக்காங்க, வினோத்துதான் நிக்கிறான், நம்ம பையன்தான்னு சொல்லிட்டு இறங்கினார்."

"என்னை மன்னிச்சிரும்மா" என்றாள் ஆக்னஸ்.

"உங்களைக் குத்தம் சொல்லல மேடம். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க." நிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பயந்தவராவே இருந்திருக்கலாம்."

 

வடிவின் வீட்டுக்குப் போக அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பயம்தான். போனபோது வடிவு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆக்னஸும் கீழே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

"வினோத்துக்கு என்ன ஆச்சுன்னே எனக்குப் புரியலம்மா" என்றாள் ஆக்னஸ். "போன வருஷம் எவ்வளவு கோவத்துல இருந்தான். கல்லையே கீழ போட்டவன்."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் போட்டான்னு இன்னுமா உனக்குத் தெரியாது?"

"அடிக்கக்கூடாதுன்னு நினைச்சான். அவனே சொன்னான்."

"அப்ப கைல காப்பு இருந்துச்சும்மா! காப்பு கட்டினவன் கை ஓங்கக்கூடாது. ஓங்கினா ஆத்தா அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டா. இங்க பொறந்த எல்லாருக்கும் தெரியும். குடிகாரனுக்கும் தெரியும், ரவுடிக்கும் தெரியும்." வடிவின் கை கீரையில் நின்றுவிட்டது. "இந்தத் தெருவுல பொண்டாட்டிய அடிக்கிறவனுங்க எத்தினி பேரு தெரியுமா உனக்கு? அவனுங்ககூட அந்தப் பத்து நாளு தொடமாட்டானுங்க. எம் புருசன் உசிரோட இருந்தப்போ, வருசத்துல அந்தப் பத்து நாளுதான் நான் முதுகு வலிக்காமத் தூங்கினது."

மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே வடை தின்ற பையனின் முகம் ஆக்னஸின் கண் முன்னால் வந்தது. அவனும் ஒன்றும் மறைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருப்பான்.

"அதத்தான் அன்னிக்குக் கேட்டேன், ஒரு நாளுன்னா இன்னாத்துக்குக் கட்டறதுன்னு. எடுத்துக்கறோம்னு சொன்ன."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பிடிச் சொல்ல?" வடிவு கேட்டாள். "அத்தினி ஆம்பளைங்க முன்னாடி எழுந்து நின்னு, எங்கள அடிக்காத நாளக் கொறைக்காதீங்கன்னா சொல்லுவேன்? அதுவும் சம்பத்துக்குத் தெரியாதா? எம் புள்ளைக்குத் தெரியாதா? தெரிஞ்சவனுங்கதான கைய தூக்கினானுங்க."

காப்பு இருந்திருந்தால் வினோத் அடித்திருக்கவே மாட்டான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. போதையில் ஒருவன் எதை நினைப்பான், எதை மறப்பான் என்று யாருக்குத் தெரியும். காப்பு இருந்திருந்தால் போதையே இருந்திருக்காது என்றும் சொல்லலாம். இப்படியெல்லாம் ஆக்னஸ் தன்னோடு வாதாடிப் பார்த்தாள். எத்தனை வாதாடினாலும் ஒன்று மட்டும் நகரவில்லை. அந்த ஊர் தன் சண்டைக்குத் தானே போட்டுவைத்திருந்த தாழ்ப்பாளைச் சமாதானம் பேச வந்த இடத்தில் கழற்றியாயிற்று. ஃபிளாட்காரர்களுக்கு இருந்த தாழ்ப்பாளை, அந்தப் போலீஸ் போனை, அதற்கு முன்பே அவள் கழற்றிவிட்டிருந்தாள். கெட்டவர்கள் யாரும் அந்த ஹாலில் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"புழல் ஜெயில்ல போய் அவனப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கமாட்டேன். அந்தப் பொண்ணு புருசன் எழுந்து நடக்கற வரைக்கும் எம் புள்ள மூஞ்சிய நான் பாக்கமாட்டேன். ஆத்தா மேல சொல்லிட்டேன்." வடிவு எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துவந்தாள். மஞ்சள் துண்டு ஒன்று நடுவில் முடிந்திருந்தது. "ஞாயித்துக்கெழம அவனுக்குக் கட்டறதுக்குன்னு பூசாரிகிட்ட சொல்லி வச்சது. நீ போய்க் கட்டு. உள்ள எப்பவும் அடிதடின்னு சொல்றாங்க. இது கைல இருந்தா கை ஓங்கமாட்டான். எவனாச்சும் வம்புக்கு இழுத்தாலும் சும்மா இருப்பான்."

உள்ளே அதை விடமாட்டார்கள் என்று ஆக்னஸுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டாள்.

புழலில் முதல் சோதனையிலேயே கயிற்றை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே பையோடு சேர்த்து வைத்துவிட்டு வரச் சொன்னார் காவலர். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. "எல்லாத் தாய்மாரும் ஏதாவது கயிறு குடுத்துவிடறாங்கம்மா, நாங்க என்ன பண்றது" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வினோத் வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். ரிசீவரை எடுத்ததும் முதலில் கேட்டது விக்ரமைப் பற்றித்தான்.

"ப்ரோ பேசறாராக்கா?"

"கொஞ்சம் கொஞ்சம். நிஷா பேர் சொல்றாராம்."

"எம் பேரு சொன்னாரா?"

ஆக்னஸ் இல்லை என்று தலையசைத்தாள். அவன் கீழே பார்த்துக்கொண்டான்.

"அம்மா உனக்குக் காப்பு குடுத்துவிட்டாங்க வினோத். உள்ள விடல."

அவன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டான். 

"நான்தான்க்கா மொதல்ல கை தூக்கினேன்" என்றான். "ஏலகிரி டிரிப்பு இருந்துச்சு. பத்து நாளு காப்புன்னா எல்லயத் தாண்ட முடியாது, வண்டி எடுக்க முடியாது. அதான் தூக்கினேன். அம்மா மொறச்சிச்சு. நான் சிரிச்சேன்."

"நான்தானே தூக்கச் சொன்னேன்."

"நீ வெளியூரு ஆளுக்கா. உனுக்கு இன்னா தெரியும்."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நேரம் முடிந்தது என்று யாரோ அவன் தோளைத் தொட்டார்கள். எழுந்தவன் ரிசீவரை வைப்பதற்கு முன் அவசரமாகச் சொன்னான்: "அம்மாகிட்ட கட்டிட்டேன்னு சொல்லுக்கா."

சாயங்காலம் அவள் வெள்ளானூருக்குப் போனபோது கோயில் தெரு அமைதியாக இருந்தது. ஸ்பீக்கர் இல்லை, தாலாட்டு இல்லை. கேட்டுக்கு உள்ளே மனோகரன் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை தூக்க நினைத்தவர், தூக்காமல் திரும்பி நடந்தார். வடிவு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியா? கட்டினியா?"

இத்தனை வருஷத்தில் எந்தக் கோபக்காரனிடமும் எந்தச் சண்டையிலும் ஆக்னஸ் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லிப் போடுகிற சமாதானம் ஒரு மழைக்குத் தாங்காது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறவளே அவள்தான். கயிறு அவள் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது.

"கட்டிட்டேம்மா."

"எத்தினி நாளுக்கு?"

ஆக்னஸ் கொஞ்சம் யோசித்தாள். "பத்து நாளைக்கு."

வடிவு விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். அவள் முகம் லேசாகத் தளர்ந்தது. "அப்போ பத்து நாளைக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.